வேலையை விட்டுவிட்டேன், கணக்கைப் பார்த்துச் சொல்

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மகன் பரீட்சையில் தேறிய செய்தி நம் தோழி கவிதாயினி மூலமாகத்தான் எனக்கு வந்தது. நீ மூச்சுவிடவில்லை. அந்த வழக்கைத் தனியாக விசாரிக்கிறேன்.

என் செய்தி இதுதான்: வேலையை விட்டுவிட்டேன். வார்டு, இரவுப் பணி, மேற்பார்வையாளர் நாற்காலி எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டாயிற்று. சொந்தமாக வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் தொடங்கப் போகிறேன். முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் ஆகியோரை அவரவர் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் அனுப்பும் வேலை. "இந்த வயதில் இது தேவையா?" என்று நீ தொடங்குவது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறு, உன்னைத் திட்டுவதற்கும் இந்தக் கடிதத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

வங்கியில் கடன் கேட்டேன். தொழில் திட்டம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்கு நோயாளிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்று எழுதியே பழகிய கை, "சந்தை வாய்ப்பு" என்று தலைப்புப் போட்டதும் நகர மறுத்துவிட்டது. பிறகு பார்த்தால் அந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் சுலபம். 2030இல் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 80 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் 2050இல் 42.6 கோடி பேராம். எழுதி வைத்தேன். வங்கிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு மலரவில்லை. 42.6 கோடிப் பேரில் என் பணியாளர் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வீடுகள் எத்தனை என்பதுதான் என் கேள்வி. ஒரு வீட்டில் இரண்டு மணி நேர வேலை, அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் என்றால், அந்தப் பயண நேரத்துக்குக் காசு கொடுப்பவர் யார்? குடும்பம் கொடுக்காது. பணியாளர் தலையில் கட்டினால் அவர் இரண்டாவது மாதம் இருக்கமாட்டார். ஆகவே திட்டத்தில் ஒரு சிறிய வட்டம் வரைந்து, அதற்கு வெளியே முதல் வருடம் எந்த வீட்டையும் ஏற்பதில்லை, ஒரு வருகை மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதிவிட்டேன். "வாய்ப்பை நீங்களே சுருக்குகிறீர்களே அம்மா" என்றார் வங்கிக்காரர். ஆமாம் என்றேன்.

சேவைகளின் பட்டியல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருவரால் தன் உடலைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிறதா என்று அளக்க மருத்துவர் காட்ஸ் 1963இல் வகுத்த ஆறும் நினைவிருக்கிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, இடம் மாறுவது, மலசலக் கட்டுப்பாடு, உண்பது. லாட்டன், புரோடி என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் சேர்த்தவை அடுத்த படி, தனியாகக் குடித்தனம் நடத்தத் தேவையானவை: கடைக்குப் போவது, சமைப்பது, மாத்திரையை வேளைக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது போன்றவை. ஒருவருக்கு இவற்றில் எதெது கைவிட்டுப் போயிருக்கிறது என்று வீட்டுக்கே போய்ப் பார்த்தால்தான் எத்தனை மணி நேர உதவி வேண்டும் என்பது தெரியும். போனில் பேசி விலை சொல்லும் வேலை என்னிடம் கிடையாது. மாத்திரையை நினைவூட்டுவது வேறு, கையில் எடுத்துக் கொடுப்பது வேறு, ஊசி போடுவது முற்றிலும் வேறு; எதை யார் செய்யலாம் என்பதற்கு உரிமத்திலேயே கோடு போட்டிருப்பார்கள். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், உடல் பராமரிப்போடு நிற்கிறேன். செவிலிப் பணி பிறகு. உரிமம், பொறுப்புக் காப்பீடு, பணியாளரின் பின்னணி விசாரணை என்று இருக்கும் பக்கங்களை நீ படிக்க வேண்டாம். படித்தால் தூங்கிவிடுவாய்.

இனி உன் பேட்டைக்கு வருகிறேன். நிஜத் தொகைகள் தனித்தாளில் இருக்கின்றன. இங்கே நூறை வைத்துப் பேசுகிறேன். குடும்பத்திடம் ஒரு மணி நேரத்துக்கு 100 வாங்குகிறேன் என்று வைத்துக்கொள். பணியாளர் கையில் 65. விடுப்பு, காப்பீடு, பயணம் என்று இன்னொரு 12. மிச்சம் 23. அலுவலக வாடகை, மேற்பார்வைச் செவிலி, அவசரப் போனை எடுக்கும் ஆள், எல்லாம் சேர்ந்து மாதம் 23,000 என்றால் 1,000 மணி நேரம் ஓடினால்தான் கையைக் கடிக்காது. தினம் நான்கு மணி நேரம் ஆள் கேட்கும் வீடு மாதத்துக்கு 120 மணி. ஆக, ஒன்பது வீடு. இதுவரை எட்டாம் வகுப்புக் கணக்கு.

இரவும் பகலும் ஆள் கேட்கும் வீடு ஒன்று வந்தால் எல்லோரும் குதிப்பார்கள். வாரத்துக்கு 168 மணி நேரமாயிற்றே! ஆளுக்கு வாரம் 40 மணி என்றால் அந்த ஒரு வீட்டுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். பிறகு ஒரு நாள் அந்த வீடு நின்றுவிட்டால் ஐந்து பேருக்கும் வேலை இல்லை. எனவே எந்த ஒரு வீடும் மொத்த மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். மாதம் 1,000 மணி ஓடும் நிலையில் அந்த 24 மணி நேர வீட்டை நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கூலி வாரா வாரம் போய்விடும். காப்பீட்டு நிறுவனம் மூலம் வரும் பணம் 45 நாள் கழித்து வருகிறது என்று வை. வாரக் கூலி 100 என்றால், முதல் காசு கண்ணில் படுவதற்குள் 600க்கு மேல் என் பையிலிருந்து போயிருக்கும். புதிய வீடு சேரச் சேர இந்தப் பள்ளம் ஆழமாகுமே தவிரக் குறையாது. ஆள் பெருகியும் மூழ்கும் தொழில் இது என்று நீ ஒருமுறை வேறு யாருக்கோ சொன்னாய், அப்போது சிரித்தேன்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது இதுவும் அல்ல. அந்த 65.

உன் அம்மா படுக்கையில் இருந்த மாதங்களை நினைத்துப் பார். பெயர் வேண்டாம், அந்த நிறுவனம் வாரத்துக்கு வாரம் புதுப்புது முகமாக அனுப்பியது. நல்லவர்கள்தான். ஆனால் அம்மா எந்தக் கையால் கரண்டி பிடிப்பார், எந்தக் காதில் கேட்காது, கோபம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார் என்று ஒவ்வொருத்திக்கும் நீ முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர் கையால் குளிக்கமாட்டேன் என்று அவர் மறுத்ததைப் "பிடிவாதம்" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். எனக்கு இன்றும் அந்த வார்த்தை ஆறவில்லை.

கடைசியாக வந்து நிலைத்த அந்தப் பெண்ணை உனக்கு நினைவிருக்கும். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவர் மாற்றுவதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். நாற்காலியை அம்மாவின் பலமான வலப்பக்கம் சற்றுச் சாய்வாக வைத்து, பிரேக்கைப் பூட்டி, கால்மிதிகளை மடித்துவிட்டார். பிறகு அம்மாவை நிமிர்த்திக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார். உடனே தூக்கவில்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருந்தார். பாதம் இரண்டும் தரையில் பதிந்ததைக் குனிந்து பார்த்தார். இடுப்புப் பட்டையைப் பிடித்து, அம்மாவின் சோர்ந்த முழங்காலுக்குத் தன் முழங்காலை அணை கொடுத்து, "எழலாமா?" என்றார். அம்மா தானே எழுந்தது போலத்தான் இருந்தது. வார்டில் நான் பழக்கியவர்களில் பாதிப் பேர் அந்தக் காத்திருப்பைத் தவறவிடுவார்கள். எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கி நோயாளி சரிவது அங்கேதான். அந்தப் பெண்ணும் ஐந்தாம் மாதம் போய்விட்டாரே, ஏன் தெரியுமா? வேறொரு வேலையில் மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுவும் ஆளைத் தூக்கும் வேலை அல்ல, பெட்டி அடுக்கும் வேலை.

ஆகையால் 65ஐ 70 ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கேதான் கணக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிறது. ஓர் ஆளைத் தேடி, விசாரித்து, பயிற்சி கொடுத்து, பழையவரோடு கூடவே அனுப்பிப் பழக்க 2,500 செலவு என்று வை. அவர் மாதம் 160 மணி வீதம் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனால், அந்தச் செலவு மணிக்கு 2.6 ஆகிறது. கூலியை ஏற்றியதால் பதினெட்டு மாதம் இருந்தால் 0.9. மிச்சப்படுவது 1.7தான். நான் ஏற்றியதோ 5. மீதி 3.3 எங்கிருந்து வரும்? 23இல் அந்த ஆள் பிடிக்கும் செலவு போக முன்பு மணிக்கு 20.4 நின்றது, இனி 17.1தான். 1,000 மணி நேரத்தில் நின்ற அதே மிச்சம் கிடைக்க, இன்னும் ஏறக்குறைய 190 மணி ஓட வேண்டும். ஒன்றரை வீட்டுக்குச் சற்று மேல். ஆள் மாறாமல் இருப்பதால் விலகாமல் நிற்கும் குடும்பங்கள், அவர்கள் சொல்லி வரும் குடும்பங்கள், மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் பார்க்கும் செவிலிகள் நம்பி அனுப்பும் குடும்பங்கள், இவை சேர்ந்து அந்த ஒன்றரை வீட்டைத் தருமா? தரும் என்று என் அனுபவம் சொல்கிறது. அனுபவத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தாளில் இடமில்லை.

கூலியை ஏற்றாமலேயே ஆள் நிற்க வழி உண்டு என்று நீ சொல்வாய், சொல்லத்தான் வேண்டும். அட்டவணையை ஒரு வாரம் முன்பே கொடுப்பது, சொன்ன மணி நேரத்தைக் குறைக்காமல் தருவது, நோயாளி இறந்த வாரம் அவருக்குக் கூலியில்லாமல் விடாதிருப்பது. மூன்றும் திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் மரியாதையைக் கொடுத்துவிட்டுக் காசைக் குறைப்பவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன், அது எனக்குத் தெரிந்த வித்தை. ஒரு வீட்டுக்கு மாதத்தில் இரண்டு முகம், வழக்கமாக வருபவர் ஒருவர், அவருக்கு மாற்றாக ஒருவர். மூன்றாவது முகம் போக வேண்டியிருந்தால் நானே கையெழுத்திட்டு, குடும்பத்தாரிடம் நானே பேச வேண்டும். இதைச் "செயல்திறன் அளவுகோல்" என்று தலைப்பிட்டு வங்கிக்காகச் சட்டை மாட்டிவிட்டேன்.

நோயாளி இறந்த வாரம் என்று மேலே எழுதினேன் அல்லவா. வங்கிப் படிவத்தில் "வாடிக்கையாளர் விலகல் விகிதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற தொழிலில் விலகுபவர் கோபித்துக்கொண்டு போவார். என் தொழிலில் சிலர் குணமாகிப் போவார்கள், சிலர் முதியோர் இல்லத்துக்குப் போவார்கள், பலர் இறந்துபோவார்கள். அதைச் சதவீதமாக எழுது என்றால் நான் எதை எழுத? எழுதினேன்தான். மாதம் பத்தில் ஒருவர் என்று உத்தேசமாகப் போட்டேன். போட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்துச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அந்த எண்ணை விடவும் முடியாது. விட்டால் வளர்ச்சிக் கோடு நேராக மேலே ஏறிப் பொய் சொல்லும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். குடும்பமே பணியாளரைத் தனியாகப் பேசி வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் தடை போடு என்கிறார் நம் தோழி குட்டையின் கணவர், தன் கருத்தைச் சொல்ல யாரும் கேட்காதபோதும் சொல்பவர். போடுகிறேன், ஆனால் பணியாளரைத் தண்டிக்கும் விதமாக அல்ல. குடும்பம் ஒரு தொகை கட்டிவிட்டு அவரை எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தொகை எவ்வளவு இருந்தால் நியாயம் என்று உனக்குத் தோன்றுகிறது?

தாள்கள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. பணவரவுத் தாளை முதலில் பார், ஏழாம் மாதம் சிவப்பில் இறங்குகிறது. கடன் தொகையைக் கூட்டுவதா, முதல் வருடம் காப்பீட்டு வழி வரும் வீடுகளைக் குறைத்து நேரடியாகக் கட்டணம் கட்டும் வீடுகளை முன்னே எடுப்பதா, எது உன் கண்ணுக்குப் பொறுக்கும்? அந்த 190 மணியையும் நீயே ஒருமுறை போட்டுப் பார். கூலி வரியில் மட்டும் கை வைக்காதே. வைத்தால் கல்லூரி விடுதியில் உன் கணக்கு நோட்டை நான் ஒளித்துவைத்த கதையை உன் மகனுக்கு எழுதிவிடுவேன்.

கட்டணம் எதுவும் தர இயலாது, உனக்கு முன்பே தெரியும். பதில் எழுத வேண்டாம், நீ எழுதமாட்டாய். ஞாயிறு மதியம் போன் செய், தாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
உன் வாயாடி