அக்டோபர் பக்கத்தைத் திருத்தித் தாருங்கள்: ஆர்.கே. லக்ஷ்மண் குறிப்பு பற்றிய புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் 'கேலிச்சித்திரக்காரர்கள்' தமிழ் நாட்காட்டியைச் சென்ற மாதம் 12 பிரதிகள் வாங்கினேன். 2,160 ரூபாய்க்கான ரசீதை இணைத்திருக்கிறேன். மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்காக வாங்கியவை அவை. தாளிலும் அச்சிலும் குறையில்லை.

அக்டோபர் பக்கத்தில் ஆர்.கே. லக்ஷ்மணை "மும்பையில் பிறந்து ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர்" என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. அவர் 1921 அக்டோபர் 24 அன்று மைசூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஜே.ஜே. பள்ளிக்கு விண்ணப்பித்தார், இடம் தர மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களுக்கே அவரை மாணவராக எழுதிக்கொடுத்துவிட்டீர்கள்! ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்காமல் வாடியிருக்கும் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கு நான் காட்ட நினைத்த பக்கமே இதுதான்.

தலைமையாசிரியரின் கடைசிப் பிள்ளையாக வீட்டுத் தரை, சுவர், கதவு என்று ஓரிடம் விடாமல் அவர் வரைந்தது மைசூரில். அரசிலை ஒன்றை வரைந்து ஆசிரியரிடம் பாராட்டு வாங்கியதும், கடைசிவரை அவர் வரைந்து அலுக்காத காக்கைகளை முதலில் கண்டு மயங்கியதும் அங்கேதான். மகாராஜா கல்லூரியில் படிக்கும்போதே அண்ணன் ஆர்.கே. நாராயணின் கதைகளுக்கு 'தி இந்து'வில் படம் போட்டார்; 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவை இதழுக்கும் வரைந்தார். மும்பைக்கு வந்து ஃப்ரீ பிரஸ் ஜர்னல் நாளிதழில் உட்கார்ந்தபோது அவர் கை தேர்ந்த கை. மும்பைக்கு அவர்மேல் உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. வொர்லி கடலோரத்தில் அவருடைய கேலிச்சித்திரங்களில் வரும் 'சாமானியர்' பாத்திரத்துக்குச் சிலையே நிற்கிறது. அதற்காக மைசூரை அழிக்க வேண்டுமா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் இதைச் சிறிய அச்சுப்பிழை என்றார். எழுத்து மாறினால் அச்சுப்பிழை, ஊரே மாறியிருக்கிறது.

பணம் வேண்டாம். திருத்திய அக்டோபர் பக்கம் 12 பிரதிகள் 15 நாட்களுக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். இதை வாங்கிய மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். அதுவரை பிள்ளைகளுக்கு நாட்காட்டியைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செம்பூர் வாடிக்கையாளர்