பெரிய லென்ஸ் வாங்க வரும் முன்பு: ஸ்க்ரோல் சா வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு ஏறி இறங்கி மரத்தில் வளைவுகளை அறுக்கும் மெஷின்) வாங்கியவர்கள் பலர் சில மாதம் கழித்துத் திரும்ப வரும்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "பத்து மடங்கு பெரிசா காட்டுற லென்ஸ் இருக்குங்களா?" பெயர்ப்பலகை, பூஜையறைக் கதவுக்கு ஜாலி (துளைத்துச் செய்யும் சித்திர) வேலை என்று ஆரம்பித்தவர்கள் மயில் தோகை, முகம், பொடி எழுத்து என்று போகும்போது கோடு கண்ணுக்குப் பிடிபட மறுக்கிறது. பத்து மடங்கு லென்ஸ் கடையில் இருக்கிறது. ஆனால் அறுக்கும் வேலைக்காக அதை விற்க எங்களுக்கு மனம் வருவதில்லை. காரணத்தைக் கவுன்டரில் நின்றபடி அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நகைப் பத்தர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் அந்த பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டுமானால் பொருள் கிட்டத்தட்ட 2.5 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும் பிளேடுக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது, பிளேடை மேலே பிடித்திருக்கும் மெஷினின் கையும் அவ்வளவு கிட்டே போக விடாது. லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறதோ அவ்வளவு கிட்டே போக வேண்டும், அவ்வளவு சின்ன இடம்தான் தெரியும், தலை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஃபோகஸ் கலையும்.

அதனால் முதலில் விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். சுருங்கினால் ஃபோகஸ் நிற்கும் ஆழம் கூடும். லென்ஸே வாங்காமல் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பேரன் "நல்லாத்தானே தெரியுது தாத்தா" என்று சொல்லும் அதே மேசை உங்களுக்கு இருட்டாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

கூரையில் இன்னொரு ட்யூப்லைட் போடுவதால் பெரிய பலன் கிடைக்காது. அது உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் தலையின் நிழல் மரத்தின் மேல் விழும், முன்னால் இருந்தால் மெஷின் கையின் நிழல் விழும். விளக்கு பாதி தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே வேலையிலிருந்து ஒன்றேகால் அடி தூரத்தில் இருக்கும் 5 வாட் எல்.இ.டி. விளக்கு, கூரையில் இருக்கும் பெரிய விளக்கைத் தோற்கடித்துவிடும்.

எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்க்ரோல் சாவில் பிளேடின் பல் உங்களைப் பார்த்து இருக்கும். அறுக்க வேண்டிய கோடு பிளேடுக்கு முன்னால், உங்கள் பக்கம். அறுத்து முடித்த வாய் (பிளேடு போன பிளவு) அதற்குப் பின்னால். விளக்கு மெஷினின் பின்பக்கத்திலிருந்து அடித்தால் பிளேடின் நிழல் சரியாக உங்கள் கோட்டின் மேலேயே வந்து படுக்கும். டிசைன் தாளின் மேல் பளபளப்பான டேப் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி நேராகக் கண்ணில் அடிக்கும். சில மெஷின்களோடு வரும் வளைகழுத்து விளக்கைப் பலர் அப்படித்தான் பின்னாலிருந்து வளைத்து வைக்கிறார்கள். அதை உங்கள் இடது தோள் பக்கம், கைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி கொண்டு வாருங்கள். நிழல் பின்னால், அறுத்த பக்கம் போய்விடும். வலது பக்கம் இன்னொரு சின்ன விளக்கு வைக்கலாம். அது முதல் விளக்கைவிட மங்கலாக இருக்கட்டும். இரண்டும் ஒரே பலத்தில் அடித்தால் நிழலே இல்லாமல் போய், அறுத்த வாயின் விளிம்பு தட்டையாகத் தெரியும்.

அப்புறம் விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்குகள் பல அதனால் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. மெஷினை நிமிடத்துக்கு 1500 அடிப்பு வேகத்தில் வைத்தால் விநாடிக்கு 25 அடிப்பு. ஒவ்வொரு அடிப்பிலும் அதே நான்கு இடங்களில் பிளேடு பளிச்சிடும், பல் நகராமல் நிற்பதுபோலத் தோன்றும். வேகம் கொஞ்சம் மாறினால் மெதுவாக ஊர்வதுபோல இருக்கும். சுற்றும் இயந்திரம் எதற்கும் இது ஆபத்தான ஏமாற்று. சோதிப்பது சுலபம்: விளக்கின் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். மங்கலான ஒரே பட்டையாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அதை மாடிப்படிக்கு மாற்றிவிடுங்கள். எங்களிடம் வாங்கிய விளக்காக இருந்தாலும் சரி, இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, கண்ணாடிக் கடை. இதில் எங்களுக்கு வியாபாரம் எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்கிறோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. பைஃபோகல் போட்டு ஸ்க்ரோல் சாவில் உட்கார்ந்தால் கீழ்ப் பகுதி வழியாகக் கோட்டைப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும் தோரணையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து பிளேடு வரை உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 35 முதல் 40 செ.மீ. இருக்கும். அந்த அளவைச் சொல்லி, அந்த ஒரே தூரத்துக்கு முழுக் கண்ணாடியாகப் போட்டுத் தரும்படி கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கோடு போதவில்லை என்றால் லென்ஸ். லென்ஸில் அதன் பலத்தைக் காட்ட டயாப்டர் என்று எண் போட்டிருக்கும். 3 டயாப்டர் என்றால் சுமார் 1.75 மடங்கு, 33 செ.மீ. வரை தள்ளி வைத்துப் பார்க்கலாம். 5 டயாப்டர் என்றால் சுமார் 2.25 மடங்கு, தூரம் 20 செ.மீ.க்குள். ஸ்க்ரோல் சாவுக்கு 3 போதும் என்பது எங்கள் கருத்து. 5 வேண்டுமென்று பிடிவாதமாக வாங்கியவர்கள் பாதிப் பேர் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேலை செய்கிறார்கள்.

விளக்கோடு சேர்ந்த வட்ட லென்ஸா, தலையில் மாட்டும் லென்ஸா? ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்பவருக்கு வட்ட லென்ஸ் வசதி. ஆனால் அதன் கிளாம்பை மெஷின் நிற்கும் மேசையில் மாட்டாதீர்கள். மெஷினின் அதிர்வு அங்கே ஏறி, கோடு நடுங்கும். சுவரில் அல்லது தனி ஸ்டாண்டில் பொருத்துங்கள், லென்ஸின் நடுப்பகுதி வழியாகவே பாருங்கள்; ஓரத்தில் கோடு வளைந்து தெரியும். மெஷினுக்கும் பட்டறை மேசைக்கும் அலைபவருக்குத் தலையில் மாட்டுவதுதான் ஏற்றது, உங்கள் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். இரண்டுமே பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஈடாகாது. மெல்லிய பிளேடு முறிந்து தெறிப்பது அபூர்வமில்லை.

பழகாதவர்கள் லென்ஸில் பார்க்க ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வரும். கால் மி.மீ. விலகினாலும் பெரிதாகத் தெரிவதால் ஒவ்வொன்றையும் திருத்தப்போய் வளைவு பல்லுப் பல்லாகிவிடும். பிளேடைப் பார்க்காமல் அதற்கு 2, 3 மி.மீ. முன்னால் உள்ள கோட்டைப் பாருங்கள்.

அந்த பத்து மடங்கு லென்ஸுக்கும் வேலை இருக்கிறது, மெஷின் நின்றிருக்கும்போது. மிக மெல்லிய 2/0 நம்பர் பிளேடில் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மழுங்கிவிட்டதா என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை. அந்தப் பிளேடை மரத்தில் போட்ட துளை வழியாகக் கோர்க்கத் தடுமாறுகிறவர்கள் மெஷின் மேசைக்கு அடியில் ஒரு சின்ன விளக்கை ஒட்டிப் பாருங்கள். துளை கீழிருந்து ஒளிரும், பிளேடு தானாகப் போய் நுழையும்.

கட்டாயமாக ஒன்று. வட்ட லென்ஸை ஜன்னல் ஓரத்தில் மூடாமல் விட்டுப் போகாதீர்கள். வெயில் அதன் வழியாக ஒரே புள்ளியில் குவிந்து மரத்தூளில் விழுந்தால் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் மூடியைப் போடுங்கள், மூடி தொலைந்துபோனவர்கள் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தால் போதும். லென்ஸில் படிந்த தூளை வேட்டி நுனியால் தேய்க்காமல் முதலில் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் சீக்கிரம் கீறிவிடும்.

வாங்கும் முன் போட்டுப் பார்க்க கடையில் ஒரு மெஷினும் 3, 5 டயாப்டர் லென்ஸ்களும் வைத்திருக்கிறோம். நீங்கள் அறுத்துக்கொண்டிருக்கும் அதே டிசைனையும் மரத்துண்டையும், வழக்கமாகப் போடும் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள். மாலைக் கூட்டத்துக்கு முன்னால் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து