செல்லாத வோட்டில ஆரின்ர கோவம் எண்டு ஆருக்கும் தெரியாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மாகாண சபைத் தேர்தல் கதை திரும்ப அடிபடத் தொடங்கினதோட எங்கட பக்கத்தில மற்றக் கதையும் தொடங்கீட்டுது. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மல்லாவி எண்டு எங்க போய்க் கதைச்சாலும் கொஞ்சப் பெடியள் சொல்லினம், இனி வோட்டுப் போடப் போறேல்ல, வீட்டில கரைச்சல் தந்தால் போய் சீட்டில குறுக்கால ஒரு கீறு கீறிப்போட்டு வருவம் எண்டு. இவையளுக்கு அக்கறை இல்லை எண்டு நான் சொல்லமாட்டன். படையினர் பிடிச்ச காணி முழுசா விடுபடேல்ல, காணாமப் போன ஆக்களுக்குப் பதில் இல்லை, படிச்ச பிள்ளையளுக்கு வேலை இல்லை, தேர்தல் முடிஞ்சாப் பிறகு ஊர்ப்பக்கம் எட்டிப் பாத்த ஆளும் இல்லை, வெறுப்பு வராம என்ன செய்யும். அந்த வெறுப்பு நியாயம். அதைக் கொண்டுபோய் செல்லாத வோட்டுக்குள்ள போடுறது தான் எனக்கு மனம் பொறுக்குதில்லை, ஏனெண்டால் அதுக்குள்ள போட்டது பேந்து வெளியில வராது.

எண்ணுற இடத்தில என்ன நடக்குது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. சீட்டை விரிச்சுப் பாத்து செல்லாது எண்டால் கட்சியளின்ர முகவர்மாருக்குக் காட்டி ஒரு பக்கத்தில ஒதுக்கி வைப்பினம், கடைசியில நிராகரிக்கப்பட்டது இத்தினை எண்டு ஒரு எண்ணிக்கை மட்டும் எழுதுவினம். நீங்கள் அதில என்ன எழுதினீங்கள், காணியைத் தா எண்டு எழுதினீங்களோ, பிள்ளையைத் தா எண்டு எழுதினீங்களோ, அதை ஒருத்தரும் வாசிச்சு மேல அனுப்புறேல்ல. அதைவிடப் பெரிய விசயம் அந்தக் கட்டுக்குள்ள உங்கட சீட்டு மட்டும் இல்லை. கண் தெரியாம ரெண்டு கட்சிக்குப் புள்ளடி போட்ட அம்மம்மாவின்ர சீட்டும், கட்சிக்குப் போடாம விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்ட தம்பியின்ர சீட்டும், ஒண்டும் போடாம வெறுமையா மடிச்சுப் போட்ட சீட்டும் எல்லாம் ஒரே கட்டு. கோவத்தில கெடுத்தது எது, பிழையாக் கெட்டது எது எண்டு பிரிக்க ஏலாது, பிரிச்சு அறிவிக்கிற வழக்கமும் இல்லை.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலையே எடுங்கோ. நாடு முழுக்க நிராகரிச்ச வோட்டு 3 லட்சத்து 300. அதே தேர்தலில தமிழ்ப் பொது வேட்பாளரா சங்குச் சின்னத்தில நிண்ட அரியநேத்திரனுக்கு விழுந்தது 2 லட்சத்து 26 ஆயிரத்து 343. சங்குக்குப் போட்டது சரியோ பிழையோ எண்டு நான் இதில சண்டை பிடிக்கேல்ல, எங்கட வீட்டுக்குள்ளயே அதில ரெண்டு கருத்து. ஆனா அந்த 2 லட்சத்து 26 ஆயிரத்தை இண்டைக்கும் எல்லாரும் கதைக்கினம், வந்த தூதுவர்மாருக்கும் சொல்லலாம், எதிர்க்கிற ஆக்களும் அதைக் குறைச்சல் எண்டு சொல்லுறதுக்காகவாவது அந்த எண்ணிக்கையைச் சொல்லித்தான் ஆகோணும். அதைவிடக் கூடின அந்த 3 லட்சத்தைப் பற்றி ஆர் கதைக்கிறினம்? ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பிறகு நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில நிராகரிச்சது 6 லட்சத்தையும் தாண்டீட்டுது, ஒரு கிழமையில எல்லாரும் மறந்திட்டினம்.

வீட்டில இருந்திட்டால் நல்லம் எண்டு சொல்லுறவைக்கும் இதே பதில் தான். அந்த ஜனாதிபதித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லி தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி வெளிப்படையாக் கேட்டது, அது அவையின்ர உரிமை. நாடு முழுக்க 35 லட்சம் பேர் அண்டைக்குப் போடேல்ல. அதில பகிஷ்கரிச்சவை எத்தினை, கட்டாரில வேலை செய்யிறவை எத்தினை, கனடாவுக்குப் போயும் இடாப்பில பேர் கிடக்கிறவை எத்தினை, அண்டைக்குக் காய்ச்சலில படுத்தவை எத்தினை? ஆர் பிரிச்சுச் சொல்லுறது.

2005 ஐ மறந்து இதைக் கதைக்க ஏலாது. நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தில (கிளிநொச்சியும் தேர்தலுக்கு அதுக்குள்ள தான் வரும்) நூற்றுக்கு ஒண்டு ரெண்டு பேர் தான் போட்டது, வன்னி மாவட்டத்தில மூண்டில ஒரு பங்கு அளவில. நாடு முழுக்க வெண்டவருக்கும் தோத்தவருக்கும் இடையில இருந்தது 1 லட்சத்து 80 ஆயிரம் வோட்டு. மற்றவர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ஒருத்தராலயும் சத்தியம் பண்ண ஏலாது, அந்த நேரம் எங்கட சனம் தாங்களா முடிவெடுக்கிற நிலைமையில இருந்ததோ எண்டதும் வேற கதை. ஆனா நாங்கள் போடாட்டிலும் முடிவு வந்தது, வந்த முடிவுக்குள்ள தான் நாங்கள் இருந்தனாங்கள். 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில சனம் போய்ப் போட்டுது, அதில வன்னியில மட்டும் நூற்றுக்கு எழுவத்தெட்டு வீதம் ஒரு பக்கம் விழுந்தது, அந்தத் தேர்தலிலயும் முடிவு வந்தது. கேட்டது எல்லாம் கிடைச்சதோ எண்டால் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் கேப்பாப்பிலவுச் சனம் 2017 இல றோட்டில இருந்து தான் காணியில ஒரு பகுதியை எடுக்கவேண்டி வந்தது. வோட்டுப் போட்டால் எல்லாம் வரும் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல.

இனி கணக்குக்கு வாறன், இது தான் எங்கட பெடியளுக்குத் தெரியாத இடம். பாராளுமன்றத் தேர்தலில ஆசனம் பிரிக்கிறது செல்லுபடியான வோட்டில மட்டும் தான், நிராகரிச்சதைக் கணக்கிலயே எடுக்கிறேல்ல. மாவட்டத்தில நூற்றுக்கு 5 வீதம் எடுக்காத கட்சி முதலே வெளியில போயிடும். விளங்கிறதுக்குச் சொல்லுறன், ஒரு லட்சம் பேர் ஒழுங்காப் போட்டால் அந்த 5 வீதம் எண்டது 5000 வோட்டு. அதில 10 ஆயிரம் பேர் சீட்டைக் கெடுத்தால் அது 4500. நீங்கள் ஆரை வரவிடக்கூடாது எண்டு கோவத்தில கீறினீங்களோ அந்த ஆளுக்கு ஏற வேண்டிய படியை நீங்களே பதிச்சு விட்டிட்டீங்கள். எங்கட வன்னி மாவட்டம், அதாவது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டும் சேர்ந்தது, அதுக்கு ஆறே ஆறு ஆசனம். 2024 நவம்பரில அந்த ஆறையும் அஞ்சு கட்சியள் பிரிச்செடுத்தது. முதலாவதா வந்த தேசிய மக்கள் சக்திக்கு நூற்றுக்கு இருவது அளவில தான் வோட்டு, அதோட ரெண்டு ஆசனம், ஏனெண்டால் முதலாவதா வாற கட்சிக்கு ஒரு ஆசனம் மேலதிகமாக் கிடைக்கும். அவை வெண்டதில நான் பிழை சொல்லேல்ல, போட்ட சனத்தின்ர வோட்டு அது. இப்பிடி வோட்டுச் சிதறிக் கிடக்கிற மாவட்டத்தில கொஞ்சப் பேர் விலகி நிண்டாலே ஆசனம் கை மாறும் எண்டு தான் சொல்லுறன். பிரதேச சபை வட்டாரத்தில அதைவிடக் குறைஞ்ச வோட்டிலயே ஆள் மாறலாம்.

காணாமப் போன பிள்ளையளைத் தேடுற அம்மாமாரைப் பற்றி ஒண்டு சொல்லோணும். கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20 இல இருந்து றோட்டுக்கரையில இருக்கிறவை அவை. அவையில ஒரு அம்மா நான் இனி ஒருத்தருக்கும் போடமாட்டன் எண்டால் அவவுக்கு முன்னால நிண்டு கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது, ஒருத்தரும் சொல்லவும் கூடாது. ஆனா அவையின்ர குரல் ஜெனீவா வரைக்கும் போனது வெயிலுக்கையும் மழைக்கையும் படத்தைக் கையில பிடிச்சுக்கொண்டு பேரைச் சொல்லி இருந்ததால. அவையைக் காட்டி நானும் சீட்டைக் கீறுறன் எண்டு சொல்லுற தம்பிமார் அந்தக் கொட்டிலில போய் ஒரு நாள் முழுக்க இருந்தால் எவ்வளவோ பெறுமதி.

பகிஷ்கரிப்பு எங்களுக்குப் புதுசும் இல்லை. 1931 இல வெள்ளைக்காரர் குடுத்த டொனமூர் அரசியலமைப்பில பூரண சுயராச்சியம் இல்லை எண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொல்லி வடக்கில நாலு தொகுதி வெறுமையாக் கிடந்தது, ஒருத்தரும் நியமனப் பத்திரமே குடுக்கேல்ல. மன்னார் முல்லைத்தீவுத் தொகுதி அந்த நாலுக்குள்ள இல்லை, இங்க தேர்தல் நடந்தது. அந்தப் பகிஷ்கரிப்பு என்னத்துக்கு எண்டு இலங்கை முழுக்கத் தெரிஞ்சது, கேட்டது ஒண்டு, கேட்ட ஆக்கள் ஆர் எண்டும் தெரியும். அப்பிடி இருந்தும் 1934 இல இடைத்தேர்தல் வைச்சு அந்த ஆசனங்களை நிரப்பவேண்டி வந்தது. இப்ப ஒவ்வொருத்தரும் தன்ர வீட்டில தனியப் படுத்திருக்கிறதை அதோட வைச்சுப் பாக்கவே ஏலாது.

அப்ப ஒருத்தரையும் பிடிக்காதவன் என்ன செய்யிறது எண்டு கேப்பினம், நியாயமான கேள்வி. இந்தியாவில 2013 இல உச்ச நீதிமன்றம் சொல்லி, எவரும் வேண்டாம் எண்டு போடுறதுக்கும் பட்டியலில கடைசியா ஒரு இடம் வைச்சிருக்கினம். அதுக்குக் கூட விழுந்தாலும் வேட்பாளரில கூட எடுத்தவர் தான் வெல்லுவார், ஆனா எண்ணிக்கை தனிய வரும். 2024 இல இந்தூர் தொகுதியில காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில விலகினாப் பிறகு 2 லட்சத்து 18 ஆயிரம் பேர் அதுக்குப் போட்டிச்சினம், இந்தியா முழுக்கப் பேப்பரில வந்தது. அப்பிடி ஒரு கூடு எங்கட வாக்குச்சீட்டிலயும் வேணும் எண்டு வன்னி எம்பிமார் ஆறு பேரும் பாராளுமன்றத்தில கேக்கோணும். கட்சி பாக்காம ஆறு பேரும் சேர்ந்து கேக்கக்கூடிய விசயம் இது.

அது வரும் மட்டும் கையில இருக்கிறதைப் பாவிக்கோணும். கட்சி பரவாயில்ல, ஆள் தான் சரியில்ல எண்டால் அதே பட்டியலில மற்ற ஆக்களுக்கு விருப்பு வாக்குப் போடுங்கோ, மூண்டு பேருக்குப் போடலாம், எத்தினையோ பழைய ஆக்கள் அப்பிடித்தான் வீட்டுக்குப் போனவை. ஜனாதிபதித் தேர்தலில ரெண்டாவது மூண்டாவது விருப்பத்தையும் போடுங்கோ, 2024 இல தான் முதல்முதலா அது எண்ணுற அளவுக்கு வந்தது, ஒண்டோட நிப்பாட்டினவை அந்த இடத்தில வாய்திறக்க ஏலாமப் போச்சு.

வடக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாப் போட்டது 2013 செப்டெம்பர் 21. 38 இல 30 ஆசனத்தைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் குடுத்த சனம் நாங்கள். 2018 ஒக்ரோபரில காலம் முடிஞ்சுது, எந்த முறையில தேர்தல் வைக்கிறது எண்ட இழுபறியில ஆளுநர்மார் மாறி மாறி வந்தினமே ஒழிய நாங்கள் தெரிஞ்ச ஒருத்தர் அங்க இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லாட்டிலும் ஆஸ்பத்திரிக்கு ஆக்கள் காணாட்டிலும் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது எண்டு தெரியாம இவ்வளவு காலம் போட்டுது.

உங்களிட்ட ஒரு உதவி கேக்கிறன் ஐயா. திகதி அறிவிச்ச உடனை மாதிரி வாக்குச்சீட்டை உங்கட பேப்பரில பெருசாப் போடுங்கோ, எப்பிடிப் போட்டால் செல்லும், எப்பிடிப் போட்டால் செல்லாது எண்டு பக்கத்தில பக்கத்தில படமா. தேர்தலுக்கு முதல் நாள் மட்டும் போடாம ஒரு மாசத்துக்கு முதலே போடுங்கோ, வெட்டி எடுத்து வாசிகசாலையிலயும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையிலயும் ஒட்டுறதை நாங்கள் பாக்கிறம்.

இப்பிடிக்கு,
ஒட்டுசுட்டானில இருந்து ஒரு வாசகர்