மாதிரி நேர்காணலுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. எங்கள் மாவட்டக் கல்லூரிகளில் தரப்படும் நேர்காணல் பயிற்சியில் உள்ள ஒரு குறையை, என் மகளின் அனுபவத்தைக் கொண்டு தெரிவிக்க விரும்புகிறேன்.

வணிகவியல் முடித்த அவள், சென்ற மாதம் கோவையில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்குத் தணிக்கைப் பிரிவு வேலைக்கு நேர்காணலுக்குச் சென்றாள். எதிரே மூன்று பேர். தேய்மானம், ஜிஎஸ்டி என்று பாடத்தில் கேட்டவரை தடுமாற்றம் இல்லை. பிறகு ஒருவர், "கணக்கில் ஒரு பிழையை நீங்களாகக் கண்டுபிடித்து, சம்பந்தப்பட்டவரிடம் எடுத்துச் சொன்னதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். கல்லூரியில் அச்சிட்டுக் கொடுத்த வினாவிடைத் தாளில் இருந்தபடி, குழுவாக உழைத்தோம், பொறுமையாகப் பேசினோம், வெற்றி பெற்றோம் என்று ஒப்பித்தாள். "அதில் நீங்கள் செய்தது எது?" என்று அவர் திரும்பக் கேட்டபோதும் "நாங்கள்" என்றே தொடங்கியிருக்கிறாள். வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வந்த பேருந்து குஞ்சப்பனையைத் தாண்டும்போதுதான் எங்கள் வீட்டு இலைக் கணக்கு நோட்டு அவள் நினைவுக்கு வந்ததாம். மழைநாளில் பச்சைத் தேயிலையில் ஒட்டியிருக்கும் நீருக்காக, எங்களிடம் இலை வாங்கும் ஏஜென்ட் எடையில் சில கிலோ கழிப்பது வழக்கம். ஒவ்வொரு எடைக்கும் எதிரே அன்று மழையா வெயிலா என்று குறித்துவந்த அவள், வெயில் நாட்களிலும் அதே கழிவு விழுந்திருப்பதைக் கண்டுபிடித்து, மூன்று மாதக் கழிவைக் கூட்டி, அந்த ஏஜென்ட்டிடம் நோட்டைக் காட்டி, அடுத்த மாதக் கணக்கில் சேர்க்க வைத்தவள். "அவங்க கேட்டது இதைத்தானே அப்பா, எப்படிச் சொல்லாம விட்டேன்?" என்றாள்.

பெரிய நிறுவனங்கள் இத்தகைய கேள்விகளில், நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்ற நான்கையும் துருவிப் பார்க்கின்றன. நோட்டில் இருந்த கதையில் நான்கும் இருந்தன. அது ஓர் அனுபவம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 'நான் செய்தேன்' என்பதைத் தற்பெருமையாக நினைக்கும்படி வளர்த்த எனக்கும் இதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளை நான் குறை கூறவில்லை. ஆனால் 1955 முதல் இயங்கிவரும் உதகை அரசு கலைக் கல்லூரியும் மாவட்டத்தின் பிற கல்லூரிகளும், பருவத்துக்கு ஒரு நாளாவது, கையில் தாள் இல்லாத மாதிரி நேர்காணலை நடத்த வேண்டும். குன்னூரில் உள்ள கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வின் அலுவலர்கள், வங்கி மேலாளர்கள், ஆடிட்டர்கள் ஆகியோர் எதிரே அமர்ந்து, ஒரு பதிலுக்குப் பின் மூன்று துணைக் கேள்விகளாவது கேட்க வேண்டும். மாணவர்கள் தங்கள் கதையை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. இரண்டையும் ஒரே மூச்சில் தேடும்போதுதான் மனப்பாடத் தாள் கைகொடுக்க வருகிறது.

கல்லூரி முதல்வர்களும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் சேர்ந்து கடிதம் எழுதினால் இவர்கள் வர மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அன்று வருபவர்களுக்கு மதியச் சாப்பாடும் தேநீரும் தர எங்கள் ஊர் விவசாயிகள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.