பர்கூர் மலைக்கு ஒரு காத்தாடி

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, மக்காச்சோளம் போட்டிருக்கிறோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பர்கூர் மலை ஊருக்குக் கரண்ட் லைன் இருந்தும், காற்று மழை வந்தால் மரம் விழுந்து நாள்கணக்கில் இருட்டில் கிடக்கிறோம் என்று எழுதியிருந்தாய். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் இப்படி ஆவது எனக்கும் தாங்கவில்லை. உடுமலைப் பக்கம் நிற்பதுபோல் கரண்ட் எடுக்கிற காத்தாடி ஒன்றைச் சின்னதாக நிறுத்தினால் இருபது வீட்டுக்கும் விளக்கு எரியுமா என்கிறாய். எரியும். ஆனால் எங்கள் ஊர்க் காற்றை வைத்து உங்கள் ஊருக்குக் கணக்குப் போட்டுவிடாதே.

எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வாய்த்திருக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்தில் தென்மேற்குக் காற்று நெருக்கிக்கொண்டு வருவதால், வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி முடிய இறக்கைகள் நிற்பதே அபூர்வம். ஐப்பசிக்கு மேல் அதே காத்தாடிகள் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

காற்றின் வேகம் பாதியானால் கரண்ட் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள இறக்கையை எடுத்துக்கொள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடித்தால் சுமார் 70 வாட் கிடைக்கும், நாள் முழுக்க அடித்தால் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இருபது வீட்டுக்கும் இரண்டிரண்டு 9 வாட் எல்இடி பல்பு, ராத்திரி நாலு மணி நேரம் எரிய ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். பேட்டரியில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். காற்று 3 மீட்டருக்கு இறங்கினால் அரை யூனிட்கூடத் தேறாது.

அதனால் முதல் வேலை காற்றை அளப்பது. ஒரு வருஷமாவது அளக்க வேண்டும். காத்தாடி நிற்கிற கம்பம், சுற்றி நூறு மீட்டருக்குள் இருக்கிற எந்த மரத்தையும்விட முப்பது அடியாவது உயரமாக நிற்க வேண்டும். வீட்டுக் கூரைமேல் நிறுத்துகிற யோசனையை விட்டுவிடு. அங்கே காற்று சுழன்று சுழன்று அடிக்கும், பேரிங் சீக்கிரம் போய்விடும்.

ஓடந்துறை மாதிரி செய்யலாமே என்றும் கேட்டிருந்தாய். மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிற அந்த ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். ஓர் ஊராட்சி துணிந்து அப்படிச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. ஆனால் கவனி, அதை அவர்கள் தங்கள் ஊரில் நிறுத்தவில்லை. காற்று இருக்கிற இடம் பார்த்து உடுமலைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். அதில் வரும் கரண்ட் மின்வாரிய லைனில் போய்க் கணக்கில் ஏறும். லைனே அறுந்து கிடக்கிற உங்களுக்கு அந்த வழி உதவாது. உங்களுக்கு வேண்டியது ஊருக்குள்ளேயே நின்று பேட்டரியை ஏற்றுகிற சின்னக் காத்தாடி.

கூடவே சோலார் தகடும் வை. மேகம் மூடிக் காற்று வீசுகிற மாதங்களில் காத்தாடி கைகொடுக்கும், மாசி பங்குனி வெயிலில் சோலார் கைகொடுக்கும். என் மனசுக்கு உங்கள் ஊருக்குச் சோலார்தான் பெரிய பங்கு, காத்தாடி துணை. அளந்து பார்த்தபின் இது மாறலாம்.

அப்புறம், யார் பார்த்துக்கொள்வது? பலத்த காற்றில் இறக்கையை ஒதுக்கித் திருப்புகிற வால் சிக்கிக்கொண்டால் ஒரே ராத்திரியில் எல்லாம் உடைந்துவிடும். கம்பம் சாயாமல் பிடித்திருக்கிற ஸ்டே கம்பியை அடிக்கடி இழுத்துக்கட்ட வேண்டும். பேட்டரியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சேர்க்க வேண்டும். ஊரிலேயே தங்கப்போகிற பிள்ளைகள் இரண்டு பேரையாவது கண்டுபிடி. வேலையை நான் கற்றுத் தருகிறேன்.

ஊர்க்கூட்டம் போட்டுப் பேசிவிட்டு எழுது. சித்திரைக்குள் அளக்கிற கருவியை ஏற்றிவிட்டால்தான் இந்த வருஷக் காற்று தவறாமல் கணக்கில் வரும். கம்பம் நட ஆளோடு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி