அந்த மஞ்சள் அட்டையை எடுத்துவிடுங்கள்: ஒரு பள்ளித் தாளாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை எழுதுகிறேன். பல்லடம் பக்கத்தில் பன்னிரண்டு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டிப் பிழைப்பவன். பள்ளியின் பெயரையும் உங்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து ஊர்த் தாளாளர்கள் சிலரும் இது தமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வகுப்புக்கு ஒன்றாகச் சுற்றிவரும் அந்த மஞ்சள் அட்டை. தமிழில் பேசி மாட்டிக்கொண்ட குழந்தையின் கழுத்தில் அது தொங்கும். அந்தக் குழந்தை இன்னொரு குழந்தையைப் பிடித்துக் கொடுத்தால் அங்கே மாறும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்த வீட்டிலிருந்து மறுநாள் 20 ரூபாய் வர வேண்டும். ரசீது கிடையாது. வகுப்பாசிரியையிடம் இரண்டு முறையும் அலுவலகத்தில் ஒரு முறையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாம் குழந்தைகளின் நன்மைக்குத்தான் என்ற பதில் மூன்று முறையும் சொல் மாறாமல் கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அன்று உங்கள் பள்ளியில் தாத்தா பாட்டி தினம். என் மாமியார், அதாவது என் மகளின் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்), காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். பேத்திக்குப் பிடிக்குமே என்று முந்தின இரவு கச்சாயம் சுட்டு, தூக்குப்போசியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நிகழ்ச்சி தொடங்க நேரம் இருந்ததால் வராந்தாவில் நின்றோம். மூன்றாம் வகுப்பு வரிசையாக வந்தது. 'சாமி, இங்கே பார்' என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் பெரியவர்கள் பேரன் பேத்தியைச் சாமி என்றுதான் அழைப்பார்கள். மகள் திரும்பினாள், முகம் மலர்ந்தது. வாயைத் திறக்கப் போனவள், பின்னால் அட்டையோடு நின்ற பையனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அமுச்சி போசியைத் திறந்து ஒரு கச்சாயத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு, 'தேங்க் யூ கிராண்ட்மா' என்று சொல்லிவிட்டு வரிசையோடு போய்விட்டாள்.

தேங்க் யூ என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பேத்தி அமுச்சிக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. யாரோ ஒருத்தரிடம் சொல்வதுபோல் சொன்னாள் என்பதுதான் அவருக்குப் பட்டது. மேடையில் குழந்தைகள் தாத்தா பாட்டியின் பெருமைகளை ஆங்கிலத்தில் அடுக்கினார்கள். கீழே உட்கார்ந்திருந்த தாத்தா பாட்டிகள், ஆசிரியைகள் கைதட்டும்போது பார்த்துத் தாங்களும் கைதட்டினார்கள். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கேட்டார்: 'குழந்தைக்கு என்மேல் ஏதாவது வருத்தமா? நான் கட்டிவந்த சேலை நன்றாக இல்லையா?' அட்டையைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. 'ஓடுகிற மாட்டுக்கல்லவா கழுத்தில் கட்டை கட்டுவார்கள்' என்றார்.

ஐயா, அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

ஆங்கிலம் வேண்டாம் என்பவன் அல்ல நான். வேண்டும் என்றுதான் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து ஆண்டுக்கு 42,000 ரூபாய் கட்டுகிறேன். ஒரு மின்னஞ்சலைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த அவமானம் எனக்கு உண்டு, என் மகளுக்கு அது வேண்டாம். பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கில் சொன்னது. அந்த உரிமையோடுதான் உங்கள் வாசலுக்கு வந்தேன். பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தச் சம்மதித்தேன். வீட்டுப் பேச்சைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்?

ஒரு மொழி உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? என் தறிக்கூடத்தில் ஒடிசாப் பையன்கள் இருவர் இருக்கிறார்கள். வந்த ஆறு மாதத்தில் ஊடை, பாவு என்று தறிச் சொல்லெல்லாம் படிந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நம் ஊர் மரியாதைக்கு ஒரு 'ங்க' வேறு. இரவானால் கைபேசியில் தாயிடம் ஒடியாவில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். தமிழ் கற்பிக்க அவர்கள் கழுத்தில் நான் எதையும் மாட்டவில்லை.

இந்த இரண்டு மாதங்களில் என் மகள் ஆங்கிலத்தைவிட நன்றாகக் கற்றது ஒட்டுக்கேட்பதுதான். ஒருநாள் அட்டை அவளிடம் வந்திருக்கிறது. கைமாற்றிவிட வேண்டுமே என்று தண்ணீர்க் குழாய் அருகே நின்று, தன் தோழி வாய் திறக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். அந்தத் தோழி வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுகிறவள். எட்டு வயதில் மூன்று மொழி பேசும் குழந்தைக்கு நாம் கொடுத்த பரிசு அந்த அட்டை. இப்போது இருவரும் மதியச் சோற்றைத் தனித்தனியாக உண்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாட நோட்டில் 'என் குடும்பம்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அமுச்சி என்று எழுதிக்கொண்டு போனாள். நான்கின்மேலும் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் 'கொச்சை. தாத்தா, பாட்டி என எழுதுக.' அப்பாவைப் பெற்றவர் யார், அம்மாவைப் பெற்றவர் யார் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடும் வசதியை, இரண்டு சொல்லில் சொல்லியும் விளங்காத இடத்துக்குத் திருத்தியிருக்கிறார்கள். வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய நான்கு வகைச் சொற்களில் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அந்த ஆசிரியை அதைத் தேர்வுக்குப் படித்திருப்பார். அவரைக் குறை சொல்ல மனமில்லை, அவருக்கும் மேலே யாரோ சிவப்பு மை வைத்திருப்பார்கள். ஆனால் என் மகளின் நிலையை யோசியுங்கள்: வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம், தமிழ் வகுப்பில் வீட்டுத் தமிழ் எழுதினால் பிழை.

இதைக் கேட்கவும் ஆசையாக இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடமாயிற்றே, அந்தப் பாடவேளையில் அட்டை யார் கழுத்தில் இருக்கும்?

இந்த அட்டை உங்கள் கண்டுபிடிப்பும் அல்ல என்று கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் சொன்னான். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், வெல்ஷ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிட்டார்களாம். இதேபோல் அடுத்த பிள்ளைக்கு மாறும். நாள் முடிவில் வைத்திருக்கும் பிள்ளைக்குப் பிரம்படி. அவர்களிடம் மரக்கட்டை, உங்களிடம் லேமினேட் செய்த அட்டை. முன்னேற்றம்தான். அதே வேல்ஸில் இன்று 16 வயதுவரை வெல்ஷ் கட்டாயப் பாடம். அவர்கள் வெட்கப்பட்டு எறிந்ததை நாம் பொறுக்கி வைத்திருக்கிறோம்.

அதுவும் எந்த ஊரில்? 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்த பொள்ளாச்சி நமக்கு எவ்வளவு தூரம்? மாணவர் தண்டபாணி நஞ்சருந்தி மாண்டது நம் பீளமேட்டில். செம்மொழி மாநாடு 2010-இல் கூடியது நம் கோவையில். டெல்லியிலிருந்து வந்தால் அது திணிப்பு. நாமே கட்டணம் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் 'ஆங்கிலச் சூழல்'. போன ஆண்டு விழாவில் உங்கள் பள்ளிக் குழந்தைகள் அறுபது பேர் வள்ளி கும்மி ஆடினார்கள். பாட்டெல்லாம் தமிழ். முதல் வரிசையில் உட்கார்ந்து நீங்களும் தாளம் போட்டீர்கள். அந்த அறுபது பேருக்கும் தலைக்கு 20 ரூபாய் வசூலித்திருந்தால் பந்தல் செலவுக்காவது ஆகியிருக்கும்.

பேச்சு எல்லை தாண்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதும், 'என் பிள்ளை ஏன் இன்னும் ஆங்கிலத்தில் பேசவில்லை' என்று உங்கள் அறை வாசலில் சண்டைக்கு நிற்பவர்கள் எங்களைப் போன்ற பெற்றோரே என்பதும் தெரியும். அந்த வரிசையில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். சட்டம் பேசவும் விருப்பமில்லை. இருந்தாலும், குழந்தைகளுக்கு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டுமா? கதை சொல்லச் சொல்லுங்கள், நாடகம் போடச் சொல்லுங்கள், தப்பும் தவறுமாகப் பேச விடுங்கள். தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுகிறோம், பாவு முழுவதையும் அறுத்து எறிவதில்லை.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: எல்லா வகுப்புகளிலிருந்தும் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டோம் என்று குழந்தைகளிடம் காலை வணக்கக் கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி. இதுவரை வாங்கிய அபராதத்தைத் திருப்பித் தர வேண்டாம், நூலகத்துக்கு நான்கு தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கிப் போடுங்கள்.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு அமுச்சி மறுபடியும் வருகிறார். அன்று விடுமுறை இல்லையென்றால், பள்ளி விடும் நேரத்துக்குத் தானே வாசலில் வந்து நின்று பேத்தியை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் செய்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவி ஒருத்தியின் தந்தை