பூஜ்யத்தை ஒட்டி ஒரு வாரம்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததில் மிக்க மகிழ்ச்சி. இங்கே வீட்டில் அனைவரும் நலம். மைனஸ் 25 டிகிரியில் மனிதர்கள் எப்படித்தான் நடமாடுகிறார்கள் என்று வியந்து கேட்டிருந்தீர்கள். வரும் குளிர்காலத்தில் சில வாரங்கள் எங்களுடன் வந்து தங்கும் எண்ணம் இருப்பதாகவும், எந்த மாதம் தங்கள் உடம்புக்குத் தோதாக இருக்கும் என்று சொல்லும்படியும் எழுதியிருந்தீர்கள். நகருக்கு வடக்கே இருக்கும் எங்கள் புறநகர் கடந்த வாரம் முழுவதும் பனியில் புதைந்து கிடந்ததால், அந்தக் கேள்விக்குச் சுடச்சுடப் பதில் எழுதுவதற்கு வேண்டிய சரக்கு என்னிடம் நிறையவே சேர்ந்திருக்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மைனஸ் 25க்கு நான் இப்போதெல்லாம் அஞ்சுவதில்லை, எனக்கு அச்சம் பூஜ்யத்திடம்தான்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வெப்பநிலை அப்போது பூஜ்யத்தை ஒட்டியே இருந்ததால், விழுந்தது ஈரப்பனி. பெரிய பெரிய திவலைகளாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கனத்துடன் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாசலைச் சுத்தம் செய்வதற்காகப் பனிவாரும் மண்வாரியைக் கையில் எடுத்தவனுக்குத்தான் அதன் எடை தெரியும். 1 சென்டிமீட்டர் மழைக்குரிய நீர் சுமார் 10 சென்டிமீட்டர் பனியாக விழும் என்பது பொதுவான தோராயக் கணக்கு. ஈரப்பனியில் அது 5 சென்டிமீட்டராகச் சுருங்கும்; கடுங்குளிரில் விழும் உலர்பனியில் 20ஐயும் எட்டும். ஆகவே 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரப்பனி கிடந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோவை அள்ளி வீச வேண்டியிருக்கும். அதே உயரத்துக்கு உலர்பனி கிடந்தால் 10 கிலோதான். கார் நிறுத்தும் இடம் எத்தனை சதுர மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இது டன் கணக்கில் போய் நிற்கிறது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மாதக்கணக்கில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் திடீரென்று இந்த வேலையில் இறங்கும்போது மாரடைப்பு வருகிறது என்று மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. அதனால் நான் ஒரே மூச்சாக வாருவதில்லை. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தவணைகளாக, தூக்காமல் தள்ளியே முடித்துவிடுவது என் வழக்கம்.

இதில் எரிச்சலூட்டும் பகுதி ஒன்று உண்டு. வாசலை வாரி முடித்து உள்ளே வந்து கையுறையைக் கழற்றும் நேரம் பார்த்துத்தான் சாலையைச் சுத்தம் செய்யும் பனிவாரி வண்டி வரும்; வந்து, சாலையில் கிடந்த பனி முழுவதையும் வாசலின் விளிம்பில் ஒரு வரப்பாக ஒதுக்கிவிட்டுப் போகும். சாலையின் உப்பும் அழுக்கும் சேர்ந்து இறுகிய அந்த வரப்பை உடனே அகற்றாமல் விட்டால், இரவில் அது பாறையாகிவிடும். எங்கள் தெருவில் இதைத் திட்டாதவர் எவரும் இல்லை. வண்டி வராவிட்டால் அதைவிட உரக்கத் திட்டுவோம் என்பதும் உண்மை.

செவ்வாய்க்கிழமைதான் வாரத்தின் மிக மோசமான நாள். அன்று வெப்பநிலை மைனஸ் 1. குளிர்காலக் கணக்கில் இதமான நாள் என்றே சொல்ல வேண்டும். மேலே சற்று உயரத்தில் வெப்பக் காற்று ஓர் அடுக்காகப் புகுந்துகொண்டதால், அதற்கும் மேலே உருவான பனி கீழே இறங்கும் வழியில் அந்த அடுக்கில் உருகி மழைத்துளியாகிவிட்டது. தரையை ஒட்டிய மெல்லிய குளிரடுக்கைக் கடக்கையில் அந்தத் துளிகள் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்தும், உறைய நேரமின்றி நீராகவே வந்து விழுந்தன. அப்படிப்பட்ட துளி எதைத் தொடுகிறதோ அதன் மேலேயே உறைந்துவிடும். மதியத்துக்குள் வாசலில் நிற்கும் மரத்தின் ஒவ்வொரு சுள்ளியும் ஒளி ஊடுருவும் உறைக்குள் அடைபட்டுக் கிடந்தது. வசந்தத்துக்காக மூடிக் காத்திருக்கும் மொட்டுகள்கூட உள்ளே தெளிவாகத் தெரிந்தன. கைப்பிடிக் கம்பியின் அடியில் வரிசையாக ஊசிகள் தொங்கின. கார்க் கதவு திறக்கவில்லை. காற்று அசையும்போதெல்லாம் கிளைகள் உரசிக் கலகலத்தன; இடையிடையே எங்கோ ஒரு கிளை பாரம் தாங்காமல் முறியும் ஓசையும் கேட்டது. மின்கம்பிகளுக்கும் அதே கதிதான் என்பதால், அன்று மாலை சில மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவாயுவில் எரிவதுதான் என்றாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமல்லவா!

தரையின் நிலையைச் சொல்லவே வேண்டாம். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது கேட்பதற்கு எளிய கேள்வியே தவிர, விடை அவ்வளவு எளிதன்று. 1850இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து வைத்தால் அவை ஒட்டி ஒன்றாக உறைந்துவிடுவதைக் கொண்டு, உருகுநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்க வேண்டும் என்று கருதினார். திங்கட்கிழமைப் பனியைப் பிள்ளைகள் அழுத்தி உருண்டை பிடிக்க முடிந்ததற்கும், வெள்ளிக்கிழமைப் பனி எவ்வளவு அழுத்தியும் கையில் நில்லாமல் உதிர்ந்ததற்கும் அதுவே காரணம். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்தப் படலம் தடிக்கிறது. குளிர் கூடக் கூட அது மெலிந்து, பனிக்கட்டியும் சொரசொரப்பாகிறது. கடுங்குளிரில் பனிக்கட்டி மேல் நடப்பது மைனஸ் 1இல் நடப்பதைவிடப் பாதுகாப்பானது என்று சொன்னால் முதலில் நம்பமாட்டீர்கள். கைத்தடியுடன் நடக்கும் எங்கள் தெருப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்வார்கள். செவ்வாயன்று எதிர்வீட்டுப் பெரியவர் தபால் பெட்டி வரை சென்று திரும்புவதற்கு, பாதத்தைத் தூக்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் பாரத்தை முன்காலின் மேலேயே வைத்து நகர்ந்த விதம் அனுபவத்தின் விளைவு.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பு தூவினால் பனிக்கட்டி உருகும் என்பது பொதுவாகச் சரி. கலந்த நீரின் உறைநிலையை உப்பு கீழே இறக்குகிறது. சோதனைச்சாலையில் மைனஸ் 21 வரை இது செல்லும் என்றாலும், சாலையில் மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு கிட்டத்தட்டச் சோம்பிவிடுகிறது. அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு என்னும் வேறு வகை உப்பு வேண்டும், அல்லது பிடிமானத்துக்கு மணலே போதும். இதை அறியாமல் கடுங்குளிர் நாளிலும் கூடை கூடையாக உப்பைக் கொட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. போட்ட உப்பு எங்கும் போய்விடுவதில்லை. வசந்தத்தில் ஓடைக்குள் இறங்கி நன்னீர் உயிர்களை வாட்டுகிறது, சிமெண்டை அரிக்கிறது, காரின் அடிப்பகுதியைத் துருவாக்குகிறது.

புதன்கிழமை இரவு வடக்கிலிருந்து காற்று திரும்பியது. காலையில் எழுந்து பார்த்தால் மைனஸ் 22. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை, கண் கூசும் வெயில். புதியவர்கள் ஏமாறுவது இந்த வெயிலில்தான். மேகம் இல்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. பகலில் விழும் வெயிலில் பெரும்பகுதியை, 80 விழுக்காட்டுக்கும் மேலாக, புதுப்பனி திருப்பி அனுப்பிவிடுகிறது. பூமிக்குள் இருக்கும் சூடு மேலே வராமலும் அதே பனி தடுத்துவிடுகிறது. ஆகையால் எங்கள் ஊரில் வானம் வெளுத்திருந்தால் இரண்டு சட்டை கூடுதலாகப் போடு என்பதுதான் கணக்கு.

வானிலை அறிவிப்பாளர்கள் காற்றுக்குளிர் என்று ஒரு எண்ணைச் சொல்லி நம்மை நடுங்க வைப்பதையும் குறிப்பிட வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, மைனஸ் 20இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33 ஆகப் படும். அந்த அளவில் மூடாத கன்னமும் காதுமடலும் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகும் ஆபத்து உண்டு. இது உண்மையே. ஆனால் மூடிய தோலுக்கும் நிறுத்திவைத்த காருக்கும் அந்த எண்ணால் பொருள் இல்லை. காற்று எவ்வளவு வீசினாலும் கார் மைனஸ் 20க்குக் கீழே போகாது. வியாழனன்று உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் தடித்த ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட், விரல்கள் எல்லாம் ஒன்றாக அடங்கும் கையுறை என்று புறப்பட்டுப் போய்ப் பூங்காவை முழுதாகச் சுற்றி வந்தேன். மூக்கின் உள்ளே மயிர்கள் விறைத்தன, இமையில் மூச்சின் ஈரம் வெண்மையாகப் படிந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. மைனஸ் 10க்குக் கீழே பனித்துகள்கள் காலடியில் நசுங்கி உருகாமல் உரசி உடைவதால், ஒவ்வோர் அடிக்கும் கிறீச் என்றொரு ஓசை எழுகிறது. அதைக் கேட்டே வெளியே எத்தனை டிகிரி என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பனி, இம்முறை உலர்ந்த மணல் போல. மண்வாரி தேவைப்படவில்லை, விளக்குமாற்றாலேயே வாசலைக் கூட்டிவிட்டேன். கறுப்பு ஜாக்கெட்டின் கையில் வந்து அமர்ந்த துகள்களைப் படிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்: ஆறு கைகள், ஒவ்வொரு கையிலிருந்தும் பக்கவாட்டில் கிளைகள், நடுவில் ஒரு சிறு அறுகோணத் தட்டு. ஜப்பானிய இயற்பியலாளர் உக்கிசிரோ நகாயா 1936இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்து, காற்றின் வெப்பநிலையும் ஈரமும் எப்படியோ அப்படியே படிகத்தின் வடிவமும் அமையும் என்று காட்டினார். மைனஸ் 5ஐ ஒட்டி ஊசிகள், மைனஸ் 15ஐ ஒட்டி இந்தக் கிளைவிட்ட நட்சத்திரங்கள். கீழே எங்களுக்கு மைனஸ் 20 ஆக இருந்தபோதிலும், மேலே அது பிறந்த மேகத்தில் அவ்வளவு குளிர் இல்லை என்று ஒரு துகளைப் பார்த்தே ஊகித்துக்கொண்டேன். மூச்சுக் காற்று பட்டதும் அது சுருங்கிப் போனது.

வீட்டுக்குள் கடுங்குளிரின் தொல்லை வேறு வகை. மைனஸ் 20இல் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் காற்று வறண்டு போகிறது. உதடு வெடிக்கிறது, கம்பளியைத் தொட்டால் பொறி தெறிக்கிறது. இரவில் படுக்கையறையில் நீராவிக் கருவி ஒன்றை ஓட விடுகிறோம். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவுகளை, வீட்டுச் சூடு உள்ளே புகும்படி திறந்தே வைக்கிறோம். அவ்வளவுதான், கதவை மூடிக்கொண்டால் கடுங்குளிர் தன் பாட்டுக்கு வெளியே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ் 2 ஆனதும் தொல்லை மறுபடியும் தலைதூக்கியது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரை பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை ஏற்றப் போதுமானது. ஆகவே இவ்வளவு பனியும் ஒரே நாளில் கரைவதில்லை. பகலில் கொஞ்சம் கசியும், இரவில் கசிந்தது உறையும், மறுநாள் அதன் மேல் ஒரு நீர்ப்படலம். கூரையின் நடுவில் வீட்டுச் சூட்டால் உருகும் நீர், குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் உறைந்து அணையாகிறது. பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து உட்கூரையை நனைக்கிறது. சாலையின் வெடிப்புகளில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவதால் குழிகள் பிறக்கின்றன. ஞாயிறு மாலை முழுவதும் தெருமுனையில் பனிக்குள் புதைந்திருந்த மழைநீர் வடிகாலின் வாயைத் தோண்டித் திறப்பதிலேயே கழிந்தது. பக்கத்து வீட்டுப் பையனும் கடப்பாரையுடன் வந்து சேர்ந்துகொண்டான். அதைத் திறக்காமல் விட்டிருந்தால் திங்களன்று தெருமுனை முழுவதும் கண்ணாடித் தளமாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்துத் தங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். குளிர் குறைந்துவிடும் என்று எண்ணி மார்ச்சில் வரத் திட்டமிடாதீர்கள். பகலில் உருகி இரவில் உறையும் அந்த மாதம் தங்கள் முழங்காலுக்கு ஆகாது. ஜனவரியின் நடுவில் வாருங்கள். அப்போதும் இடையில் ஓரிரு இளகும் நாட்கள் வரலாம், அன்றைக்கு வீட்டிலேயே இருந்து பேசிக்கொண்டிருப்போம். கனத்த உடைகளைச் சுமந்து வர வேண்டாம், என்னிடம் இருப்பவை தங்களுக்குப் பொருந்தும். காலணியை மட்டும் இங்கே வந்த பிறகு, தடித்த காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குவோம். இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் விறைத்துவிடும். பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டை ஒன்றை இப்போதே தங்களுக்காக வாங்கி வைத்துவிட்டேன். பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தேதியை எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் நண்பன்